பெரியம்மை: வந்த வழியும் போன வழியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் பிற்பகல், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நல்வாழ்வு பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் பெரியம்மையை எடுத்துக்கொண்டேன். செய்தி அறிந்த நண்பர் ஒருவர், “ஐயா, அந்நோய் ஒழிந்து ஆண்டுகள் பல ஆயினவே, செத்த பாம்பை அடிப்பானேன்?” என்று வினவினார். வினா நியாயமானதே. பெரியம்மை இன்று உலகில் எவருக்கும் இல்லை. ஆயினும் அந்நோய் நம் தெருக்களில் நெடுங்காலம் குடியிருந்ததற்கு நோய்க்கிருமி மட்டும் காரணமன்று. நம் பழக்கங்கள் சிலவும் அதற்குத் திண்ணை போட்டுக் கொடுத்தன. கிருமி போய்விட்டது, திண்ணை இன்னும் இருக்கிறது. ஆகவேதான் பேச வந்தேன்.

முதற்கண் ஒரு சிறு சோதனை. இவ்வரங்கில் ஐம்பதைக் கடந்த பெரியவர்கள் தங்கள் கையைப் பாருங்கள். காசளவில் வட்டமான, சற்றுக் குழிந்த தழும்புகள் தெரியும். அவை ‘அம்மை குத்திய’ தழும்புகள். இளைஞர்களாகிய உங்கள் இடது தோளில் இருக்கும் சிறு தழும்பு வேறு. அது காசநோய்த் தடுப்பூசியால் வந்தது. என் மாணவர்களில் பலர் இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

பெரியம்மையை வைசூரி என்றும் நம் முன்னோர் வழங்கினர். வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் வருவது அந்நோய். நோயாளியின் மூச்சிலும் எச்சில் துளிகளிலும் வெளிப்பட்டு, அருகில் முகத்துக்கு முகம் இருப்பவரைப் பற்றும். அவர் படுத்த பாய், போர்த்திய துணி, உதிர்ந்த பொருக்கு ஆகியவற்றாலும் பரவும். கிருமி உட்புகுந்தபின் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் வரை எந்த அறிகுறியும் தோன்றாது. பின்னர் திடீரெனக் கடுங்காய்ச்சல், தலைவலி, இடுப்பு முறிந்தாற்போன்ற வலி, வாந்தி. இரண்டு மூன்று நாள்களில் வாயினுள்ளும் நாவிலும் புண்கள் தோன்றி, அடுத்து முகத்திலும் கைகால்களிலும் தடிப்புகள் எழும். அவை நீர் கோத்து, சீழ் கட்டி, ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் பொருக்காகும். கடைசிப் பொருக்கு உதிர மூன்று நான்கு வாரங்கள் செல்லும். அது உதிரும்வரை அந்நோயாளி பிறருக்கு நோயைக் கொடுக்கக் கூடியவரே.

இதன் கொடுமை எத்தகையது என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ.ஆர். ராவ் என்பார், தாம் கண்ட 6,942 பெரியம்மை நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் இந்நோயைப் பற்றி எழுதுவோர் இன்றும் மேற்கோள் காட்டும் நூல் அது. அவர் தரும் கணக்கைக் கேளுங்கள். தடுப்பூசி பெறாதவர் 3,544 பேர். அவர்களில் நூற்றுக்கு 35.5 பேர் இறந்தனர். தடுப்பூசி பெற்றிருந்தும் நோய் கண்டவர் 3,398 பேர். அவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 6.3 பேர். அதாவது ஊசி இல்லாதவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல். ஊசி பெற்றவர்களில் பதினாறு பேரில் ஒருவர். இந்த ஒரு கணக்கை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்றால் என்னவென்று விளங்கிவிடுகிறது. தோலுக்கடியில் இரத்தம் கசியும் ஒரு வகையும் இந்நோயில் உண்டு; அது வந்தவர் பிழைப்பது அரிதினும் அரிது. கருவுற்ற தாய்மார்களை அவ்வகை மிகுதியாகப் பற்றியதையும் ராவ் பதிவு செய்திருக்கிறார்.

பிழைத்தவர் கதியோ? கண்ணில் புண் வந்து பார்வை இழந்தோர் எண்ணற்றோர். நம் நாட்டில் கண்ணொளி கெட்டதற்கான பெருங்காரணங்களுள் பெரியம்மை ஒன்றாக இருந்தது. முகமெல்லாம் குழிக்குழியாய் வடுவாகி, அதனாலேயே மணமாகாமல் நின்ற பெண்களும் உண்டு. என் அப்பாயியின் முகத்தில் அந்த வடுக்களை நான் கண்டிருக்கிறேன். அம்மை என்னும் சொல்லை அவர் வாயால் உரைத்ததே இல்லை. “ஆத்தா வந்து விளையாடிவிட்டுப் போனாள்” என்பதே அவர் வழக்கு.

இங்கே நம் வழக்கங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் அறிவியல் படித்த இளைஞர் சிலர் அவற்றை ஒட்டுமொத்தமாக நகைத்து ஒதுக்குகின்றனர். அது சரியன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வர மாட்டார்கள். வீட்டார் பிறர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அவ்வீட்டில் தாளிப்பு இல்லை, ஊன் இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. நோயாளிக்கு இளநீரும் மோரும் கூழும் தருவார்கள். அரிப்புக்கு நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் வருடுவார்கள். நோய் கண்ட வீட்டைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று மருத்துவர் இன்று கூறுவதன் பெரும்பகுதி அந்த வேப்பிலைக் கொத்தில் அடங்கியிருக்கிறது. அஞ்சி நடுங்கிய மக்கள் கண்டும் கேட்டும் பட்டும் தேறிய அறிவு அது. அதனை நான் வணங்குகிறேன்.

ஆனால் அதே வழக்கத்தின் மறுபக்கம் ஒன்றுண்டு. வெளியாரைத் தடுத்த வேப்பிலை, வீட்டாரைக் காக்கவில்லை. ஒரே அறைக் குடிசையில் நோயாளியின் பாய்க்கு அடுத்த பாயில் கைக்குழந்தை கிடந்தது. வேறு அறை இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று தலைக்கு ஊற்றிய நாளில், பொருக்கு முழுதும் உதிராத முன்னரே உற்றார் உறவினர் கூடினர். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயை மறைத்தனர். “ஆத்தா வந்த வீட்டில் ஊசியும் மருந்தும் கூடாது, அவள் சினப்பாள்” என்று சுகாதாரப் பணியாளர் வந்தபோது கதவைச் சாத்தினர். பரணிலும் குதிருக்குப் பின்னும் பிள்ளைகளை ஒளித்தனர். மறைக்கப்பட்ட ஒரு நோயாளி, அறியப்பட்ட பத்து நோயாளிகளைவிட ஆபத்தானவர். இதைத்தான் திண்ணை என்றேன்.

நம் மக்களுக்கு மட்டுமே நேர்ந்த ஆபத்து ஒன்றையும் சொல்லாமல் விட இயலாது. அம்மையில் இறந்தவரைத் தொடப் பெற்ற பிள்ளைகளே அஞ்சிய காலத்தில், பாடை கட்டவும் குழி வெட்டவும் அழைக்கப்பட்டவர்கள் யார்? சேரியிலிருந்து சென்றவர்களே. அந்த வேலைக்குக் கூலி பல ஊர்களில் இறந்தவரின் மேல் கிடந்த துணி. பொருக்கும் சீழும் ஒட்டிய அத்துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளுத்து, பிள்ளைக்குப் போர்த்தினர். துணி வெளுத்த வண்ணார் மக்களுக்கும் இதே கதிதான். பெரியம்மைத் துணிகளைத் துவைத்தவர்களுக்கு நோய் தொற்றியதை மேலை நாட்டு மருத்துவரும் எழுதி வைத்துள்ளனர். ஊராரின் நோயைச் சுமந்துவந்த கூலி அது! சேரியில் அம்மை மிகுதி, அங்குத் தூய்மை இல்லை என்று ஊரார் பேசினர். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

இனித் தடுப்பூசியின் வரலாற்றுக்கு வருவோம். அம்மைச் சீழைச் சிறிதளவு எடுத்துத் தோலைக் கீறி வைக்கும் முறை நம் நாட்டில், குறிப்பாக வங்காளத்தில், முன்னரே இருந்தது. அதனால் பலர் காப்பாற்றப்பட்டனர் எனினும் உண்மைப் பெரியம்மையே உட்செலுத்தப்பட்டதால் சிலர் இறந்தனர். அவர்களிடமிருந்து நோய் பிறர்க்கும் பரவியது. 1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர், பால் கறக்கும் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைப் புண்ணின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையில் வைத்தார். பின்னர் பெரியம்மைச் சீழை வைத்துப் பார்த்தபோது அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அந்நாட்டு உழவர்கள் அறிந்த செய்தியே. உழவரின் அறிவை மருத்துவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதே இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த மாட்டம்மைப் பால் 1802இல் இந்தியா வந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் அது எப்படி வந்தது? பிள்ளையின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு! ஒரு குழந்தைக்குக் குத்திய இடத்தில் கொப்புளம் எழுந்ததும் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். பாக்தாதிலிருந்து பாசுராவுக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் இவ்வாறே வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு முதன்முதலாக அது வெற்றியாயிற்று. அந்தக் குழந்தையின் கையிலிருந்தே இந்நாட்டுத் தடுப்பூசிச் சங்கிலி தொடங்கிற்று.

இங்கேதான் சாதி குறுக்கிட்டது. கைக்குக் கை மாற்ற வேண்டுமெனில், கொப்புளத்துடன் தன் கையை நீட்ட யாரேனும் ஒரு குழந்தை வேண்டும். அவ்வாறு நீட்டப்பட்ட கைகளுள் பெரும்பாலானவை ஏழை எளிய, தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுடையவை. அந்தக் கையிலிருந்து வந்த நீரைத் தம் பிள்ளைகளின் உடலில் ஏற்றுவதற்கு மேற்சாதியார் பலர் மறுத்தனர். தீட்டு என்றனர். அரசாங்கத்து ஆவணங்களில் இக்குறை மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. பிள்ளை சாகலாம், தீட்டு ஆகாது என்னும் நிலை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் தயாரிக்கும் முறை வந்து கைக்குக் கை மாற்றும் வழக்கம் படிப்படியாக நின்றது. சென்னைக் கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிலையம் அத்தகைய அம்மைப்பாலைத் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பியது. பம்பாய் தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த மருந்தை உயிரோடு காத்தது எவர் வீட்டுப் பிள்ளைகளின் கை என்பதை, வரலாற்றுப் பாடத்தில் நான் தவறாமல் கூறுவதுண்டு. நூலில் அது இல்லை.

விடுதலைக்குப்பின், 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கேனும் ஊசி போட்டுவிட்டால் நோய் நிற்கும் என்று கணக்கிட்டனர். கோடிக்கணக்கில் ஊசி போட்டனர். ஏட்டில் கணக்கு நிறைந்தது, நோய் நிற்கவில்லை. காரணம் எளிது. எளிதில் கிடைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் போட்டுக் கணக்கைக் கூட்டினர். நடைபாதையில் உறங்குவோர், செங்கல் சூளைக்கும் அறுவடைக்கும் ஊர் ஊராய்ப் போவோர், ஊருக்கு வெளியே ஒதுங்கிய குடிசைகளின் கைக்குழந்தைகள் ஆகியோர் விடுபட்டனர். எண்பது பேரைத் தொட்டுவிட்டு இருபது பேரை விட்டால், நோய் அந்த இருபது பேரிடத்தில்தான் வாழும்.

வழி வேறிடத்திலிருந்து பிறந்தது. 1966 டிசம்பரில் நைஜீரிய நாட்டின் கிழக்குப் பகுதியில் பணியாற்றிய வில்லியம் ஃபேகி என்னும் அமெரிக்க மருத்துவரிடம் எல்லோருக்கும் போதுமான மருந்து இல்லை. எனவே நோயாளி எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோருக்கு மட்டும் வளையமிட்டாற்போல் ஊசி போட்டார். நோய் நின்றது! பெரியம்மைக்கு மனிதனைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. விலங்கிலும் இல்லை, நீரிலும் இல்லை. ஒரு முறை வந்து பிழைத்தவருக்கு மீண்டும் வருவது அரிதினும் அரிது. தாவுவதற்கு அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் அது அங்கேயே அவிந்துபோகும்.

தென் மாநிலங்கள் முன்னரே விடுபட்டுவிட, வட மாநிலங்களில் 1973 இறுதியில் இம்முறை முழு வீச்சுடன் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று, “இப்படி யாரையேனும் கண்டதுண்டா?” என்று வினவினர். சந்தைகளில் வினவினர். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளிடம் வினவினர். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் மறைக்கவில்லை! தகவல் தருவோருக்குப் பரிசும் உண்டு. 1975இல் அது ரூ.1,000 வரை உயர்ந்தது. நோயாளி வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்ந்தனர். முனை இரண்டாகப் பிளந்த சிறு ஊசியால் பதினைந்து முறை குத்தினால் போதும். எழுத்தறிவு குறைந்தவரும் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளும் எளிய கருவி.

1974ஆம் ஆண்டு கொடிய ஆண்டு. இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் நோய் கண்டு, 31,000 பேருக்கு மேல் மாண்டனர். பீகாரில் நிலைமை கை மீறுவதாகக் கண்ட ஆட்சியாளர்கள், தேடும் முறையைக் கைவிட்டுப் பழையபடி எல்லோருக்கும் ஊசி போடலாம் என்று கூட்டத்தில் கூறினர். அப்போது கிராமத்தில் பிறந்த மருத்துவர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் அந்த வீட்டின்மேல்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டின்மேலும் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டோம் என்னும் கருத்துப்படப் பேசினார் என்று ஃபேகி எழுதியுள்ளார். இன்னும் ஒரு மாதம் தவணை கிடைத்தது. அதற்குள் நோய் இறங்கத் தொடங்கிவிட்டது.

1975 மே 17 அன்று பீகாரில், இந்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். ஒரு வாரம் கழித்து, மே 24 அன்று, அசாம் மாநிலத்துக் கரீம்கஞ்சு இரயில் நிலையத்தில் ஒரு பெண் கண்டறியப்பட்டார். வங்கதேசத்திலிருந்து வந்தவர், வீடற்றவர், நடைமேடையில் வாழ்ந்தவர். இந்திய மண்ணில் கடைசி நோயாளி அவரே. ஏட்டுக் கணக்கு தேடாமல் விட்ட ஏழைகளுள் ஒருவரைத் தேடிச் சென்று கண்ட அன்றுதான் இந்நோய் இந்நாட்டைவிட்டுப் போயிற்று. 1977 அக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய உலகின் கடைசி நோயாளி காணப்பட்டார், அவர் பிழைத்தார். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில் பணிபுரிந்த பெண்ணொருவர் நோய் தொற்றி இறந்தார். 1980 மே 8 அன்று உலக சுகாதார மன்றம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இரண்டு ஆய்வுக்கூடங்களில் மட்டும் அக்கிருமி பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அதனை அழித்துவிடலாமா கூடாதா என்று அறிஞர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். வைத்திருப்பானேன் என்பதே என் எண்ணம்.

ஆனால் “ஆத்தா வந்திருக்கிறாள்” என்னும் சொல் நம் தெருவில் இன்றும் கேட்கிறதே, அது என்ன? இளைஞர்களே, இதைக் கூர்ந்து கேளுங்கள். இன்று வருவது பெரும்பாலும் சின்னம்மை. பெரியம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுதி; உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும்; ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையோ மார்பிலும் முதுகிலும் மிகுதி; ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் கொப்புளம், இன்னொரு பக்கம் பொருக்கு என்று கலந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானே தணியும். வளர்ந்தோருக்கும் கருவுற்றோருக்கும் கடுமையாகலாம். அக்கிருமியே உடலில் உறங்கிக் கிடந்து பிற்காலத்தில் அக்கியாக வருகிறது. குயவரிடம் செம்மண்ணால் அக்கி எழுதிக்கொள்வோரும் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நன்று. 2022 முதல் செய்தித்தாள்களில் அடிபட்ட குரங்கம்மை, பெரியம்மைக்கு உறவான வேறொரு நோய்.

நான் அஞ்சுவது இவற்றுக்கன்று, தட்டம்மைக்கு. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, பின்னர் உடலெங்கும் செந்தடிப்பு. இதனையும் ஆத்தா என்றே எண்ணி வீட்டில் வைத்திருப்பார்கள். ஆனால் இது நுரையீரல் அழற்சியாகவும் கடும் பேதியாகவும் முற்றிக் குழந்தையைக் கொல்லும்; ஊட்டமில்லாக் குழந்தையின் கண்ணைக் கெடுக்கும். பெரியம்மையைவிட மிக வேகமாகப் பரவும். மூச்சு இரைத்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வேப்பிலை வாசலில் இருக்கட்டும். குழந்தை மருத்துவமனைக்குப் போகட்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகப் பள்ளிகளில் தொடங்கியதும், கைப்பேசிகளில் வதந்தி பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். நான் பணியாற்றிய பள்ளியில் முதல் நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. காலனியிலிருந்து வந்த பாட்டி ஒருவர் என் மேசை முன் நின்று, “ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதானா வாத்தியாரே, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கேட்டதில் பல தலைமுறைகளின் நியாயம் இருந்தது. செவிலியர் அம்மையாரிடம் சொல்லி, அவரை மருந்துப் பெட்டிக்கு அருகிலேயே நாற்காலி போட்டு அமர்த்தினேன். ஒரு குப்பி மருந்து பத்துப் பிள்ளைகளுக்கு. ஒரே குப்பியிலிருந்து ஊர்த்தெருப் பையனுக்கும் காலனிப் பெண்ணுக்கும், பெயர்ப்பட்டியல் வரிசைப்படி, புதிய ஊசிகளில் எடுத்துப் போடுவதை இரண்டு குப்பிகள் தீரும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தம் பேத்தியர் இருவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மறுநாள் வருகைப் பதிவேடு நிறைந்தது. அது என் பேச்சால் அன்று, அந்தப் பாட்டி தெருவில் பேசியதால்.

தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு முறை, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் மறு முறை. அரசு நிலையங்களில் காசில்லை. நம் இளைஞர் அணியினர் தெருவுக்கு இருவராகப் பிரிந்து, கைக்குழந்தை உள்ள வீடுகளைக் குறித்து வாருங்கள். வேலை தேடி வெளியூர் போய்த் திரும்பிய குடும்பங்களை முதலில் குறியுங்கள், விடுபடுவோர் அவர்களே. பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்துவிட்டால், அடுத்த ஊசி நாளன்று யார் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். குறிப்பேடுகள் இருபது வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே பெற்றுக்கொள்ளலாம்.